ஸ்கைரிம் மோட் தொகுப்பு மேலாண்மை: ஒரு திறனாய்வு

ஒரு கணினி விளையாட்டை வாங்கியவர்கள் அதன் தோற்றத்தையோ விதிகளையோ கதையையோ மாற்றுவதற்காகச் சேர்க்கும் கோப்புகள் மோட் எனப்படும். மாடிஃபிகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இது. பெரும்பாலான மோட்களை விளையாட்டு நிறுவனங்கள் உருவாக்குவதில்லை. ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகப் பகிர்கின்றனர். ஒரு மோட்டைச் சேர்ப்பது எளிது. நூறு மோட்கள் கொண்ட ஒரு தொகுப்பை விலக்கிவிட்டு வேறொரு தொகுப்பை வைத்து விளையாடி, பின்னர் பழைய தொகுப்புக்கே பழுதில்லாமல் திரும்புவதுதான் கடினம். இப்பணிக்கென எழுந்த மென்பொருள்கள் மோட் மேலாளர்கள் எனப்படுகின்றன. ஸ்கைரிம் விளையாட்டை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்மென்பொருள்கள் எதில் வென்றன, எதில் இன்னும் குறைபடுகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

அமெரிக்காவின் பெத்தஸ்டா கேம் ஸ்டுடியோஸ் 2002-இல் வெளியிட்ட மாரோவிண்ட் விளையாட்டின் கணினிப் பதிப்புடன், அவ்வுலகைத் திருத்தி அமைப்பதற்கான கருவி ஒன்றும் சேர்த்துத் தரப்பட்டது. விளையாடுபவர் புதிய வீடுகளையும் மனிதர்களையும் கதைகளையும் தாமே சேர்க்க முடிந்தது. அந்த வழக்கம் 2006-இல் வெளிவந்த ஒப்லிவியனிலும், 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த ஸ்கைரிமிலும் தொடர்ந்தது. ஸ்கைரிமின் சிறப்புப் பதிப்பு 2016-இல் வெளியானது. மாரோவிண்டுக்கான ரசிகர் தளமாக 2001-இல் ராபின் ஸ்காட் தொடங்கிய முயற்சி, காலப்போக்கில் நெக்சஸ் மோட்ஸ் என்ற பெரிய களஞ்சியமாக வளர்ந்தது.

ஒப்லிவியன் காலத்திலேயே ஒப்லிவியன் மோட் மேனேஜர், ரை பேஷ் போன்ற கருவிகள் தோன்றின. பின்னர் நெக்சஸ் மோட் மேனேஜர், மோட் ஆர்கனைசர், வோர்டெக்ஸ் ஆகியவை வந்தன. மோட் ஆர்கனைசரை உருவாக்கிய நிரலாளரே பின்னர் நெக்சஸ் தளத்தில் சேர்ந்து வோர்டெக்ஸ் உருவாக்கத்துக்குத் தலைமை ஏற்றார். மோட் ஆர்கனைசரின் இரண்டாம் பதிப்பைத் தன்னார்வ நிரலாளர்கள் தொடர்ந்து வளர்த்து வருகின்றனர். இன்று ஸ்கைரிம் விளையாடுவோரிடையே பரவலாக உள்ள மேலாளர்கள் இவ்விரண்டுமே.

தொகுப்புகள் ஏன் தேவை

எல்லா மோட்களையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது எண்ணிக்கை வரம்பு. ஸ்கைரிம் சிறப்புப் பதிப்பில் முழு அளவிலான செருகுநிரல் கோப்புகள் 254-க்கு மேல் இயங்கா. விளையாட்டுக்குள் உள்ள ஒவ்வொரு பொருளின் அடையாள எண்ணிலும், அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைக் குறிக்க இரண்டு இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருப்பதால் இந்த வரம்பு ஏற்படுகிறது. பின்னர் வந்த இலகுவகைச் செருகுநிரல்களில் 4096 வரை ஏற்கப்படும் என்றாலும் எல்லா மோட்களையும் அவ்வகைக்கு மாற்ற இயலாது.

இரண்டாவது மோதல். இரண்டு மோட்கள் ஒரே ஊரின் அமைப்பையோ ஒரே கதாபாத்திரத்தின் முகத்தையோ மாற்றினால், பிந்தி ஏற்றப்படுவதே நிலைக்கும். ஆகவே எவை உள்ளன என்பதோடு எந்த வரிசையில் உள்ளன என்பதும் விளைவைத் தீர்மானிக்கிறது. இந்த ஏற்றும் வரிசையைப் பரிந்துரைப்பதற்கென்றே லூட் என்ற தனிக்கருவி பயன்பாட்டில் உள்ளது.

மூன்றாவது நோக்கம். பசி, குளிர், களைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கடுமையாக விளையாட விரும்புபவருக்கு ஒரு தொகுப்பு தேவை. அதே கணினியில் விளையாடும் தம்பிக்கோ தங்கைக்கோ எளிய தொகுப்பு போதும். மோட் உருவாக்குபவருக்கோ தம் படைப்பைச் சோதிக்க எதுவும் கலவாத வெற்று விளையாட்டு வேண்டும்.

எனவே தொகுப்பு என்பது கோப்புகளின் குவியல் அன்று. கோப்புகள், அவற்றின் வரிசை, அமைப்புத் தெரிவுகள், அத்தொகுப்பில் விளையாடிச் சேமித்த ஆட்டங்கள் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தொகுப்பு. ஒரு மேலாளர் இந்த நான்கில் எத்தனையை ஒன்றாகக் கட்டிக் காக்கிறது என்பதே அதை அளக்கச் சரியான அளவுகோல்.

மூன்று வழிமுறைகள்

மேலெழுதுதல்: மோட்டின் கோப்புகளை விளையாட்டின் கோப்புறைக்குள் நேரடியாகப் படியெடுத்துப் போடுவது மிகப் பழைய வழி. ஒரே பெயரில் முன்பே கோப்பு இருந்தால் அது அழிந்து புதியது அமரும். கருவி எதுவும் தேவையில்லை என்பதே இதன் ஒரே நன்மை. ஐந்து மோட்களுக்கு இது போதும். ஐம்பதைத் தாண்டினால் எந்தக் கோப்பு எந்த மோட்டிலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. நீக்க முயன்றால் ஒன்று தேவையானதும் சேர்ந்து போகும், அல்லது தேவையற்றது எங்கேனும் தங்கிவிடும். முழு விளையாட்டையும் அழித்து மீண்டும் நிறுவுவதே கடைசி வழியாகிறது. தொடக்கநிலையினர் பலர் மோட்களையே வெறுத்து விலகுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஹார்டு லிங்க்: வோர்டெக்ஸ் வழக்கமாகக் கையாளும் வழி இது. மோட் கோப்புகள் தனியொரு கோப்புறையில் இருக்கும். விளையாட்டின் கோப்புறையில் அவற்றுக்கு இன்னொரு பெயர்ப்பதிவு மட்டும் இடப்படும். வீட்டில் ஒரு பெயராலும் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயராலும் அழைக்கப்படும் ஒரே மாணவனைப் போல, வன்தட்டில் உள்ள ஒரே தரவுக்கு இரண்டு பெயர்கள் அமைகின்றன. இடம் இருமடங்கு ஆவதில்லை. தொகுப்பை விலக்கும்போது இரண்டாம் பெயர்களை நீக்கினால் போதும்.

விளையாட்டும் பிற கருவிகளும் கோப்புகளை இயல்பான இடத்திலேயே காண்பதால் பொருந்தாமைச் சிக்கல் குறைவு. ஆயினும் இரண்டு குறைகள் உள்ளன. மோட் கோப்புறையும் விளையாட்டும் வன்தட்டின் ஒரே பகுதியில் இருக்க வேண்டும். சிறிய வட்டு வைத்திருப்பவருக்கு இது இடர். மேலும், விளையாட்டுக் கோப்புறையில் உள்ள கோப்பை வேறொரு கருவி திருத்தினால் மூலமும் திருத்தப்பட்டுவிடக்கூடும், ஏனெனில் இரண்டும் ஒன்றே. வெளியில் நடந்த மாற்றத்தை வோர்டெக்ஸ் கண்டறிந்து எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். ஆனால் அந்தக் கேள்வியின் பொருள் புரியாத புதியவர் கைக்கு வந்த பொத்தானை அழுத்திவிடுகிறார்.

மெய்நிகர் கோப்பமைப்பு: மோட் ஆர்கனைசர் 2 விளையாட்டின் தரவுக் கோப்புறையில் எதையும் வைப்பதில்லை. ஒவ்வொரு மோட்டும் தனிக் கோப்புறையில் இருக்கும். மேலாளர் வழியாக விளையாட்டைத் தொடங்கும்போது, விளையாட்டு ஒரு கோப்பைக் கேட்டால் மேலாளர் இடைமறித்து உரிய மோட்டின் கோப்பைக் காட்டுகிறது. தேசப்படத்தின் மீது கண்ணாடித் தாள்களை அடுக்கி, ஆறுகளை ஒன்றிலும் மலைகளை இன்னொன்றிலும் வரைந்து காட்டும் வகுப்பறை முறையை இது ஒத்தது. தாளை எடுத்துவிட்டால் படம் மாசில்லாமல் அப்படியே இருக்கும். தாள்களின் அடுக்கு வரிசையை மாற்றினாலே எந்த மோட் மேலோங்குகிறது என்பது மாறிவிடும்.

கோட்பாட்டளவில் மூன்றிலும் சிறந்தது இதுவே. ஆயினும் இதற்கும் விலை உண்டு. மேலாளர் வழியாகத் தொடங்காத எந்த நிரலுக்கும் மோட்கள் கண்ணில் படா. துணைக்கருவிகள் ஒவ்வொன்றையும் மேலாளருக்குள் பதிந்தே இயக்க வேண்டும். அக்கருவிகள் உண்டாக்கும் புதிய கோப்புகள் 'ஓவர்ரைட்' என்ற தனிக் கோப்புறையில் சேர்கின்றன. அதைக் கவனித்துப் பிரித்து வைக்காவிட்டால், ஒரு தொகுப்புக்காக உண்டான கோப்பு இன்னொரு தொகுப்பிலும் புகுந்து விளையாடும். விளையாட்டின் முதன்மைக் கோப்புறையிலேயே வைக்க வேண்டிய எஸ்.கே.எஸ்.இ. போன்ற நிரல்களை, கூடுதல் இணைப்பு ஏதும் இல்லாமல் இந்த முறை தழுவுவதும் இல்லை.

புரொஃபைல்: பட்டியலா, பிரதியா

தொகுப்புகளை மாற்றுவதற்கு இரண்டு மேலாளர்களும் தரும் வசதியின் பெயர் புரொஃபைல். மோட் ஆர்கனைசர் 2-இல் ஒரு புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தவுடன் தொகுப்பு மாறிவிடுகிறது. வோர்டெக்ஸில் பெயர்ப்பதிவுகளை நீக்கி மீண்டும் இட வேண்டியிருப்பதால் பெரிய தொகுப்புக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

இங்கே பயனர்கள் பலர் கவனிக்கத் தவறும் உண்மை ஒன்று உண்டு. புரொஃபைல் என்பது மோட்களின் பிரதி அன்று. எந்த மோட் இயங்க வேண்டும், எந்த வரிசையில் இயங்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் மட்டுமே. மோட் ஆர்கனைசரில் அந்தப் பட்டியல் சாதாரண உரைக்கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. மோட் கோப்புகள் எல்லாப் புரொஃபைல்களுக்கும் பொது. இதனால் வட்டில் இடம் மிச்சமாகிறது. ஆனால் ஒரு புரொஃபைலுக்காக ஒரு மோட்டின் பழைய பதிப்பின் மேல் புதிய பதிப்பை நிறுவினால், அதே மோட்டைப் பயன்படுத்தும் மற்றப் புரொஃபைல்களிலும் அது மாறிவிடுகிறது. மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்த தொகுப்பைத் திறந்தவர், தாம் எதுவும் செய்யாமலே அது பழுதாகிவிட்டது என்று குழம்புவதற்கு இது ஒரு காரணம்.

மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கான பிரிசம் லாஞ்சர் போன்ற தொடக்கிகள் எதிர்வழியைத் தேர்ந்துள்ளன. அங்கே ஒவ்வொரு தொகுப்பும் தனக்கென மோட் கோப்புறை, அமைப்புகள், உலகங்கள், விளையாட்டின் பதிப்பு ஆகிய அனைத்தையும் தனியே கொண்டுள்ளது. ஒரு தொகுப்பில் செய்யும் மாற்றம் இன்னொன்றைத் தொடாது. மைன்கிராஃப்ட் மோட்கள் பொதுவாகச் சிறியவை என்பதால் பிரதி எடுப்பது அங்கே கட்டுப்படியாகிறது. ஸ்கைரிமின் மேற்பரப்புப் படங்களோ பல கிகாபைட் அளவுள்ளவை. மோட் ஆர்கனைசரிலும் 'இன்ஸ்டன்ஸ்' என்ற பெயரில் முழுமையாகத் தனித்த அமைப்பை உருவாக்கலாம். ஆனால் புரொஃபைலுக்கும் இன்ஸ்டன்ஸுக்கும் உள்ள வேறுபாடு திரையில் தெளிவாக விளக்கப்படுவதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதித் தொடங்குபவர் இழப்பின் வழியாகவே வேறுபாட்டைக் கற்கிறார். கருவியின் ஆற்றலில் குறையில்லை. அதைக் கற்பிக்கும் முறையில்தான் குறை.

சேமிப்புக் கோப்பு: விடுபட்ட கண்ணி

கோப்புகளைப் பிரித்து வைப்பதில் மேலாளர்கள் அடைந்த வெற்றி பெரிது. ஆனால் விளையாடுபவர் இழக்க அஞ்சுவது மோட் கோப்புகளை அல்ல. அவற்றை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். பல வாரங்கள், சில வேளை நூறு மணி நேரத்துக்கும் மேல் செலவிட்டு வளர்த்த ஆட்டத்தின் சேமிப்புக் கோப்பே அவர் உண்மையில் இழக்கக்கூடிய பொருள்.

ஸ்கைரிமில் ஒரு மோட்டின் ஸ்கிரிப்ட்கள் ஓடத் தொடங்கியபின் அவற்றின் நிலை சேமிப்புக் கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. பிறகு மோட்டை நீக்கினாலும் அந்தப் பதிவுகள் தங்கிவிடும். சாம்பாரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்க முடியாததைப் போன்றது இது. இதனால்தான் ஆட்டத்தின் நடுவில் மோட்களை நீக்க வேண்டாம் என்று அனுபவமிக்கோர் எச்சரிக்கின்றனர். தவறான தொகுப்புடன் ஒரு சேமிப்பைத் திறந்து, அதே இடத்தில் மீண்டும் சேமித்துவிட்டால், சரியான தொகுப்புக்குத் திரும்பினாலும் பழைய நிலை திரும்பாது.

விளையாட்டு இதை முற்றிலும் அறியாமல் இல்லை. சேமிப்புக் கோப்பில் செருகுநிரல்களின் பெயர்ப்பட்டியல் உண்டு. ஏதேனும் ஒன்று இல்லையென்றால் எச்சரிக்கை காட்டி, தொடரலாமா என்று கேட்கும். மோட் ஆர்கனைசரும் சேமிப்புகளின் பட்டியலில் விடுபட்ட செருகுநிரல்களைக் காட்டி, அவற்றை மீண்டும் இயக்க உதவுகிறது. ஆனால் பதிவாவது பெயர் மட்டுமே. எந்தப் பதிப்பு என்பது பதிவாவதில்லை. செருகுநிரல் இல்லாத மோட்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிச் சேமிப்புகள் என்ற தெரிவு இரண்டு மேலாளர்களிலும் உள்ளது. இதைத் தேர்ந்தால் ஒரு தொகுப்பின் சேமிப்புகள் இன்னொன்றில் தென்படா. மேற்கூறிய விபத்தும் நேராது. இத்தனை முக்கியமான பாதுகாப்பு, புதியவர் கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய ஒரு சிறு தெரிவுப்பெட்டியாக இருப்பது இவற்றின் மிகப்பெரிய வடிவமைப்புக் குறை எனலாம்.

விளையாட்டை உருவாக்குவோர் மனம் வைத்தால் இதைத் தீர்க்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. செக் குடியரசின் வூப் சாஃப்ட்வேர் உருவாக்கிய ஃபாக்டோரியோ விளையாட்டில் ஒவ்வொரு சேமிப்பும் தனக்குரிய மோட்களையும் அவற்றின் பதிப்புகளையும் தன்னோடு குறித்து வைத்திருக்கிறது. சேமிப்புக்கு ஏற்ப மோட்களை ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தினால், தேவையானவை இயக்கப்பட்டு, இல்லாதவை பதிவிறக்கப்பட்டு, விளையாட்டு மீண்டும் தொடங்குகிறது. ரிம்வேர்ல்டும் சேமிப்பிலுள்ள மோட் பட்டியல் தற்போதையதோடு பொருந்தாவிட்டால் எச்சரித்து, சேமிப்பின் பட்டியலுக்கே மாற்றிக்கொள்ள வழி தருகிறது. ஸ்கைரிம் இவ்விரண்டுக்கும் முந்திய வடிவமைப்பு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் பலமுறை மறுபதிப்புக் கண்ட விளையாட்டில் இந்த வசதி சேர்க்கப்படவில்லை என்பதும் உண்மையே.

விளையாட்டின் புதுப்பிப்புகள்

தொகுப்பின் அடித்தளம் விளையாட்டின் பதிப்பு. அது மாறினால் எந்த மேலாளரும் காப்பாற்ற இயலாது. 2021 நவம்பரில் ஸ்கைரிமின் ஆண்டுநிறைவுப் பதிப்பையொட்டி வந்த புதுப்பிப்பு, எஸ்.கே.எஸ்.இ. நிரலையும் அதை நம்பியிருந்த பல மோட்களையும் செயலிழக்கச் செய்தது. அந்த நிரல் விளையாட்டின் குறிப்பிட்ட பதிப்பைச் சார்ந்தே எழுதப்படுகிறது என்பதே காரணம். பலர் பழைய 1.5.97 பதிப்புக்கே திரும்பினர்.

அதே நிறுவனத்தின் ஃபால்அவுட் 4 விளையாட்டுக்கான ஃபால்அவுட் லண்டன் என்ற மாபெரும் மோட் 2024 ஏப்ரல் 23 அன்று வெளிவருவதாக இருந்தது. ஏப்ரல் 25 அன்று விளையாட்டுக்கே பெரிய புதுப்பிப்பு வரவிருந்ததால் வெளியீடு தள்ளிப்போய், ஜூலை 25 அன்றே நிகழ்ந்தது. ஆகவே விளையாட்டின் பிரதியையே தொகுப்புக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. வட்டில் இடம் கூடுதலாகச் செலவானாலும் தொகுப்பை நிலையாகக் காக்க இதுவே நம்பத்தக்க வழி.

ஆயத்தத் தொகுப்புகளும் ஆக்கியோர் உரிமையும்

பிறர் அமைத்துச் சோதித்த தொகுப்பை அப்படியே நிறுவிக்கொள்ளும் வசதியை வபாஜாக் என்ற கருவியும், நெக்சஸ் தளத்தின் 'கலெக்ஷன்ஸ்' ஏற்பாடும் தருகின்றன. வபாஜாக் மோட் கோப்புகளைத் தானே விநியோகிப்பதில்லை. மூல இடங்களிலிருந்து பதிவிறக்கி, செய்முறைக் குறிப்பின்படி அடுக்கி, மோட் ஆர்கனைசர் அமைப்பாகத் தருகிறது. வாரக்கணக்கில் செய்யும் வேலை ஓரிரு நாளில் முடிகிறது. ஆனால் நெக்சஸில் கட்டணம் செலுத்தாத உறுப்பினர் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே சொடுக்க வேண்டும். தானியங்கிப் பதிவிறக்கம் கட்டண உறுப்பினருக்கே. ஆயிரம் மோட் கொண்ட தொகுப்பில் இந்த வேறுபாடு சிறியதன்று.

இத்தகைய தொகுப்பு நிலைக்க வேண்டுமெனில் அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும், அதே பதிப்பில், என்றும் கிடைக்க வேண்டும். இதைக் காரணம் காட்டி 2021 ஜூலையில் நெக்சஸ் ஒரு விதியை அறிவித்தது. மோட் ஆக்கியோர் இனித் தம் கோப்புகளை நிலையாக அழிக்க முடியாது, காப்பகத்தில் மட்டுமே ஒதுக்கலாம் என்றது அது. விருப்பமில்லாதோர் விலகிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் தரப்பட்டது. ஆக்கியோர் சிலர் தம் படைப்புகளைத் திரும்பப் பெற்றனர்.

விளையாடுவோர் பக்கம் நியாயம் உண்டு: ஒரு கோப்பு காணாமற்போனால் முழுத் தொகுப்பும் சரியக்கூடும். ஆக்கியோர் பக்கமும் நியாயம் உண்டு: ஊதியமின்றிக் கொடுத்தவருக்கு, கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமையும் தம் பழைய பிழையான பதிப்பை மறைக்கும் உரிமையும் இருக்க வேண்டாமா? புதிதாகப் பதிவேற்றுவோருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்ட விதியாக இது ஏற்கத்தக்கதே. வேறு நம்பிக்கையில் பல ஆண்டுகளுக்கு முன் தரப்பட்டு, ஆக்கியவர் தளத்தின் பக்கமே வராத படைப்புகளுக்கும் ஒரு மாத மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டது நெருடலாகவே நிற்கிறது.

மதிப்பீடு

மேலெழுதும் முறையை இனி எவருக்கும் பரிந்துரைக்க இயலாது. ஒரே தொகுப்புடன் அமைதியாக விளையாடுபவருக்கு வோர்டெக்ஸ் போதுமானது; கற்பதும் எளிது. பல தொகுப்புகளுக்கிடையே அடிக்கடி மாறுபவருக்கு மோட் ஆர்கனைசர் 2 தெளிவாக மேலானது, ஏனெனில் அது மூல விளையாட்டின் தரவுக் கோப்புறையைத் தொடுவதே இல்லை. எந்த மேலாளரானாலும் தனிச் சேமிப்புத் தெரிவை முதல் நாளிலேயே இயக்குவதும், மோட்டைப் புதுப்பிக்கும்போது பழையதன் மேல் எழுதாமல் தனி மோட்டாக நிறுவுவதும், ஒரு தொகுப்பில் ஆட்டம் முடியும்வரை அதன் பட்டியலை மாற்றாமலிருப்பதும் பெரும்பாலான இழப்புகளைத் தடுக்கும்.

இம்மென்பொருள்கள் பெரும்பாலும் எத்தனை மோட்களைத் தாங்கும், எவ்வளவு விரைவாக நிறுவும் என்பதை வைத்தே ஒப்பிடப்படுகின்றன. அந்த ஒப்பீடு போதாது. ஒரு மாணவர் தேர்வுக்காக இரண்டு மாதம் விளையாட்டை மூடிவைத்துவிட்டுத் திரும்பும்போது, விட்ட இடத்தில், விட்டபடியே தம் உலகம் இருக்கிறதா என்பதே உரிய சோதனை. கோப்புகளைப் பொறுத்தவரை இன்றைய மேலாளர்கள் அச்சோதனையில் பெரிதும் தேறுகின்றன. சேமிப்பையும் தொகுப்பையும் பிரிக்க முடியாதபடி பிணைப்பதில் அவை இன்னும் தேறவில்லை. ஃபாக்டோரியோ காட்டிய வழி ஸ்கைரிம் வகை விளையாட்டுகளுக்கும் வரும்வரை, அந்தப் பிணைப்பை விளையாடுபவர் தம் கவனத்தாலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது.